3000 சர்வர்ல பப்பெட் 7லிருந்து 8க்கு போகணும், எந்த வரிசைல பண்ணா பாதுகாப்பு?

கோத்தகிரி_கார்த்தி:
வணக்கம்ங்க எல்லாருக்கும். நான் கோத்தகிரில வீட்ல இருந்தே வேலை பாக்கறேன், கம்பெனி கோயமுத்தூர்ல, சர்வர் எல்லாம் சென்னை, மும்பை டேட்டா சென்டர்ல. மொத்தம் 3000 சர்வருக்கு மேல இருக்கு, பாதி உபுண்டு, மீதி ரெட்ஹேட், எல்லாமே பப்பெட் 7ல (எல்லா சர்வரோட செட்டிங்கையும் ஒரே இடத்துல இருந்து பாத்துக்கற டூல்) ஓடுது. 7க்கு சப்போர்ட் முடிஞ்சிருச்சு, செக்யூரிட்டி டீம் தினமும் கேக்கறாங்க எப்ப 8க்கு போவீங்கன்னு. மேனேஜர் சொல்றாரு, ஒரு சனிக்கிழமை ராத்திரி உக்காந்து எல்லாத்தையும் ஏத்திவிட்டா முடிஞ்சுதுன்னு. எனக்கு அப்படி பண்ண மனசு வரல. பேமென்ட் சர்வரும் இதுக்குள்ள இருக்கு, ஒரு சர்வீஸ் தேவையில்லாம ரீஸ்டார்ட் ஆனா கூட கஸ்டமர் கண்ணுல பட்டுடும். பெரிய அளவுல இதை பண்ணவங்க எங்கெல்லாம் கவனமா இருக்கணும்னு சொல்லுங்க. இன்னொன்னு, இங்க ஐப்பசி மழை ஆரம்பிச்சா கரண்டும் நெட்டும் எப்ப போகும்னு சொல்ல முடியாது, அதையும் சேத்துத்தான் யோசிக்கணும்.

குன்னூர்_ஆப்ஸ்:
தம்பி, அந்த சனிக்கிழமை ராத்திரி யோசனையை முதல்ல தூரப் போடுங்க. 2024 ஜூலை 19 அன்னைக்கு கிரவுட்ஸ்ட்ரைக்ங்கற செக்யூரிட்டி கம்பெனி ஒரே ஒரு ஃபைலை உலகம் பூரா ஒரே நேரத்துல தள்ளினதுல சுமார் 85 லட்சம் விண்டோஸ் மிஷின் நீலத் திரையில நின்னுச்சு, ஏர்போர்ட்ல போர்டிங் பாஸை கையால எழுதிக் குடுத்தாங்க. அது பப்பெட் மாதிரி கான்ஃபிக் மேனேஜ்மென்ட் டூல் இல்லைதான், ஆனா உங்க பப்பெட்டும் அதே மாதிரி ரூட் பவரோட (எதையும் மாத்தற உரிமையோட) எல்லா சர்வர்லயும் உக்காந்திருக்கு, அதனால அந்த சம்பவத்தை உங்க மேனேஜர்கிட்ட தாராளமா சொல்லலாம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். எல்லாரும் பேக்கேஜ் 7ல இருந்து 8 ஆகறதைத்தான் பெரிசா நினைக்கறாங்க, பேக்கேஜ் ஏறுறது ரெண்டு நிமிஷ வேலை, அதுல ஏதாவது ஆனா உடனே தெரிஞ்சுடும். ஆபத்து அதுக்கப்புறம் நடக்கற முதல் ரன்லதான் (பப்பெட் ஒரு தடவை சர்வரை சரிபாத்து மாத்தற சுத்துல) இருக்கு. புது வெர்ஷன் அதே கோடை படிச்சு வேற கேட்டலாக் (அந்த சர்வர்ல எது எப்படி இருக்கணும்ங்கற பட்டியல்) குடுத்துச்சுன்னா, ஒரு டெம்ப்ளேட்ல ஒரு வரி மாறினா போதும், அந்த ஃபைல் நோட்டிஃபை பண்ற சர்வீஸ் எல்லாம் ரீஸ்டார்ட் ஆகும், அதுவும் ரன் இன்டர்வெல் வழக்கமா 30 நிமிஷம்ங்கறதால அரை மணி நேரத்துக்குள்ள 3000 சர்வர்லயும் ஆகிடும். அதனால உங்க வேலையை ரெண்டா பிரிங்க. வெர்ஷன் மாறணும், ஆனா வெர்ஷன் மாறினதால எந்த சர்வர்லயும் ஒரு ஃபைல் கூட மாறக்கூடாது. இந்த ரெண்டாவது பாதிதான் உங்க அப்கிரேட் திட்டமே, முதல் பாதி சும்மா பேக்கேஜ் வேலை.

அதுக்கு முதல் படி என்னன்னா, இன்னைக்கு, 7ல இருக்கும்போதே, எல்லா சர்வர்லயும் நோ-ஆப் மோடுல (எதையும் மாத்தாம, என்ன மாறும்னு மட்டும் காட்டற மோடு) ஓட்டிப் பாருங்க. எத்தனை சர்வர்ல மாற்றம் காட்டுது? நிறைய இடத்துல கண்டிப்பா காட்டும். ஒவ்வொரு ரன்லயும் ஏதோ ஒரு எக்ஸெக் (கமாண்ட்) ஓடிட்டே இருக்கும், ரெண்டு மாட்யூல் (பப்பெட் கோடு தொகுப்பு) ஒரே ஃபைலுக்கு சண்டை போட்டுட்டு இருக்கும், ஒருத்தர் ஆறு மாசம் முன்னாடி ஏஜென்ட்டை (ஒவ்வொரு சர்வர்லயும் ஓடற பப்பெட் புரோகிராம்) டிசேபிள் பண்ணிட்டு மறந்திருப்பாரு. இதை எல்லாம் சுத்தம் பண்ணாம அப்கிரேட் பண்ணீங்கன்னா, அப்புறம் வர்ற மாற்றம் புது வெர்ஷனால வந்துச்சா இல்ல ஏற்கனவே இருந்ததான்னு யாராலயும் பிரிச்சு சொல்ல முடியாது. எங்க டீம்ல இந்த சுத்தம் பண்ற வேலைக்குத்தான் பாதிக்கு மேல நேரம் போச்சு, அப்கிரேட் அதுக்கப்புறம் சத்தமில்லாம முடிஞ்சுது.

கோத்தகிரி_கார்த்தி:
ரொம்ப நன்றிங்ணா. நோ-ஆப்ல ஒரு 40 சர்வர் மட்டும் இப்ப ஓட்டிப் பாத்தேன், பாதிக்கு மேல மாற்றம் காட்டுது! நிறைய ஒரு லாக் ரொட்டேட் ஃபைல்தான், ரெண்டு இடத்துல டிஃபைன் ஆகியிருக்கு. 8ல குறிப்பா எதெல்லாம் உடையும்னு தெரிஞ்சா நல்லாருக்கும்.

குன்னூர்_ஆப்ஸ்:
8ல மூணு விஷயம் முக்கியம்ங்க. ஒன்னு, ஸ்ட்ரிக்ட் மோடு. முன்னாடி வார்னிங் போட்டுட்டு போன விஷயங்கள் எல்லாம் இப்ப எரர். டிக்ளேர் பண்ணாத வேரியபிளை தொட்டா கேட்டலாக்கே கம்பைல் ஆகாது. இது நல்லதுதான், சத்தமா உடையும், 7லயே பப்பெட் சர்வர்ல (கேட்டலாக் தயார் பண்ணிக் குடுக்கற மைய சர்வர்) அந்த ஸ்ட்ரிக்ட் செட்டிங்கை எரர்னும் ஸ்ட்ரிக்ட்_வேரியபிள்ஸை ட்ரூன்னும் மாத்தி ஸ்டேஜிங்ல ஓட்டிப் பாத்துக்கலாம், 8க்காக காத்திருக்க வேணாம்.

ரெண்டாவது ரொம்ப மோசமானது, ஏன்னா சத்தமே வராது. பழைய ஃபேக்ட் (சர்வரைப் பத்தி ஏஜென்ட் அனுப்பற தகவல்) பேரு, ஓஎஸ்ஃபேமிலி, ஐபிஅட்ரஸ், ஆபரேட்டிங்சிஸ்டம்னு தனித்தனியா இருந்ததெல்லாம் 8 ஏஜென்ட் இயல்பா அனுப்பாது, எல்லாம் ஓஎஸ், நெட்வொர்க்கிங்னு ஒரு கட்டமைப்புக்குள்ள போயிடுச்சு. மேனிஃபெஸ்ட்ல (பப்பெட் கோடு ஃபைல்ல) பழைய பேரு இருந்தா பப்பெட்-லின்ட்ங்கற செக்கர் புடிச்சுக் குடுக்கும். ஆனா ஹயரா (எந்த சர்வருக்கு எந்த மதிப்புன்னு தனியா வெச்சிருக்கற இடம்) கான்ஃபிக்ல, இந்த ஓஎஸ்ஃபேமிலி பேர்ல இருக்கற ஃபைலைப் படின்னு பாதை எழுதியிருப்பீங்க பாருங்க, அங்க அந்த பேரு இல்லைன்னா எரர் வராம காலியா மாறி, நேரா பொதுவான காமன் ஃபைல்ல போய் விழும். அப்ப ரெட்ஹேட் சர்வருக்கு உபுண்டுவோட என்டிபி செட்டிங், பொதுவான எஸ்எஸ்ஹெச் போர்ட், இப்படி எது வேணா போகலாம், டேஷ்போர்டுல பச்சையா இருக்கும். அதனால ஹயரா ஃபைல், ஈபிபி டெம்ப்ளேட், ஈஆர்பி டெம்ப்ளேட், கஸ்டம் ஃபங்ஷன், எல்லாத்துலயும் க்ரெப் போட்டு தேடுங்க. 7ல கடைசியா வந்த வெர்ஷன்கள்லயே லெகசி ஃபேக்ட்டை (அந்த பழைய பேர்களை) நிறுத்தி வைக்கற செட்டிங் ஏஜென்ட் பக்கம் இருக்கு, அதை நாலஞ்சு டெஸ்ட் சர்வர்ல போட்டுப் பாருங்க.

மூணாவது, ரூபி 3.2, ஓபன்எஸ்எஸ்எல் 3, ஹயரா 3 கிடையாது. நீங்களா எழுதின ரூபி ஃபேக்ட் ஏதாவது இருந்தா ஒவ்வொண்ணா ஓட்டிப் பாக்கணும். பப்பெட் சர்வர் பக்கம் ஜாவா 11 இல்ல 17 வேணும், பழைய ஜாவா 8 போதாது.

கொடை_லினக்ஸ்:
அண்ணன் சொன்னதோட ஒன்னு சேத்துக்கறேன், இது தெரியாமத்தான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. கேட்டலாக் கம்பைல் ஆகலைன்னா பப்பெட் ஏஜென்ட் சும்மா இருக்காது, கடைசியா வெச்சிருக்கற பழைய கேட்டலாக்கை எடுத்து ஓட்டிரும், இயல்பான செட்டிங்கே அதுதான். பப்பெட் சர்வரை 8க்கு மாத்துறீங்க, ஸ்ட்ரிக்ட் மோடுல கம்பைல் விழுது, ஏஜென்ட் பழசை ஓட்டிட்டு மாற்றம் எதுவும் இல்லைன்னு போயிரும். மேலோட்டமா பாத்தா எல்லாம் நல்லா இருக்கற மாதிரியே தெரியும். ஒரு வாரம் கழிச்சு யாராவது பாஸ்வேர்டு மாத்துவாங்க, அந்த சர்வருக்கு மட்டும் போகாது, அப்பத்தான் தெரியும். ரிப்போர்ட்ல கேஷ்டு கேட்டலாக் ஸ்டேட்டஸ்னு ஒரு ஃபீல்டு இருக்கு, அதுல ஆன் ஃபெயிலியர்னு இருக்கற சர்வரையெல்லாம் பப்பெட்டிபில (ஃபேக்ட், ரிப்போர்ட் எல்லாம் சேர்ற பப்பெட் டேட்டாபேஸ்) இருந்து தினமும் இழுத்துப் பாருங்க. அப்கிரேட் நடக்கற நாட்கள்ல அந்த எண்ணிக்கை ஒன்னு ஆனாலும் அடுத்த பேட்ச் போகக்கூடாது.

கோத்தகிரி_கார்த்தி:
அண்ணே இது எனக்கு சுத்தமா தெரியாதுங்க. இப்ப பாத்தேன், இன்னைக்கே அப்படி ஏழு சர்வர் இருக்கு! சரி, இப்ப கேட்டலாக்கை முன்கூட்டியே எப்படி ஒப்பிட்டுப் பாக்கறது? 3000 சர்வர்லயும் 8 ஏஜென்ட் போட்டுட்டு நோ-ஆப் ஓட்டணுமா?

கொடை_லினக்ஸ்:
வேணாம்ப்பா. கிட்ஹப் டீம் 2016ல வெளியிட்ட ஆக்டோகேட்டலாக்-டிஃப்னு ஒரு டூல் இருக்கு. பப்பெட்டிபில ஏற்கனவே இருக்கற ஃபேக்ட்டை எடுத்து ரெண்டு பக்கமும் கேட்டலாக் கம்பைல் பண்ணி வித்தியாசத்தை மட்டும் காட்டும், ஏஜென்ட்டை தொடவே தொடாது. எல்லா சர்வருக்கும் ஓட்ட வேணாம், ஒரே ரோல்ல இருக்கறதுல ஒன்னு ரெண்டு எடுத்தா போதும், ஆனா ஓஎஸ், டேட்டா சென்டர் ரெண்டும் சேந்த ஒவ்வொரு கூட்டுக்கும் ஒன்னாவது வரணும். வர்ற வித்தியாசம் ஒவ்வொண்ணும் எதனாலன்னு ஒரு ஆள் பேர் போட்டு எழுதி வைக்கணும், இது சும்மா ஸ்பேஸ்தான்னு விட்டுறக்கூடாது. ஸ்பேஸ் மாறினாலும் ஃபைல் மாறினதுதான், சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆகத்தான் செய்யும்.

ஒன்னு ஞாபகம் வெச்சுக்கங்க, பப்பெட்டிபில இருக்கறது 7 அனுப்பின ஃபேக்ட், அதுல லெகசி பேரு எல்லாம் இருக்கும். அதை அப்படியே எடுத்து ஒப்பிட்டா மேல அண்ணன் சொன்ன ரெண்டாவது பிரச்சனை வெளிலயே வராது. அந்த பழைய பேர்களை வெட்டி எடுத்துட்டு ஓட்டணும்.

கூடலூர்_பாய்:
குறுக்கே வந்ததுக்கு மன்னிக்கணும். இவ்ளோ கஷ்டம் எதுக்குங்க? இப்ப ஓடிட்டுத்தானே இருக்கு, உள் நெட்வொர்க்ல இருக்கற சர்வருக்கு 7லயே இருந்துட்டா என்ன? வேணும்னா புது சர்வர் மட்டும் 8ல கட்டிக்கலாமே.

அருவங்காடு_அகிலா:
பாய், உள் நெட்வொர்க்ல இருந்தா பரவாயில்லைங்கற பேச்சை நானும் நிறைய கேட்டிருக்கேன். நான் சால்ட் பக்கம், அதுவும் பப்பெட் மாதிரி ஒரு டூல்தான். 2020 ஏப்ரல் கடைசில சால்ட்ல ரெண்டு ஓட்டை வெளிய வந்துச்சு, மாஸ்டரோட (சால்ட்டோட மைய சர்வர்) 4506 போர்ட்டை யார் தொட முடியுமோ அவங்க பாஸ்வேர்டே இல்லாம எல்லா மினியன்லயும் (ஏஜென்ட் ஓடற சர்வர்) ரூட்டா கமாண்ட் ஓட்டலாம்னு. தீவிரம் 10க்கு 10. ஃபிக்ஸ் 2019.2.4லயும் 3000.2லயும் வந்துச்சு. ஓட்டை வெளிய வந்த சில நாள்லயே லினேஜ்ஓஎஸ், கோஸ்ட் ப்ளாக் சர்வீஸ், டிஜிசெர்ட்டோட ஒரு லாக் சர்வர் எல்லாம் தாக்குதலுக்கு ஆளாச்சு. அப்ப யாருக்கு கஷ்டம் கம்மியா இருந்துச்சுன்னா, ஏற்கனவே லேட்டஸ்ட் வெர்ஷன் பக்கத்துல இருந்தவங்களுக்கு. ரெண்டு மூணு மேஜர் வெர்ஷன் பின்னாடி இருந்தவங்க ஒரே ராத்திரில ரெண்டு வருஷ அப்கிரேடை பண்ண வேண்டியதாச்சு. கான்ஃபிக் மேனேஜ்மென்ட் மாஸ்டர்ங்கறது மொத்த ஃப்ளீட்டோட சாவி, அதை காலாவதியான வெர்ஷன்ல விடறது எனக்கு சரியாவே படல. அடுத்த ஓட்டை வர்றப்ப 7க்கு யாரும் ஃபிக்ஸ் தரமாட்டாங்க.

புது சர்வர் மட்டும் 8ங்கறதும் பாதி வழிதான். ரெண்டு வெர்ஷன் வருஷக்கணக்கா கூடவே ஓடினா ஒவ்வொரு மாட்யூலையும் ரெண்டுக்கும் டெஸ்ட் பண்ணிட்டு இருக்கணும்.

கூடலூர்_பாய்:
சரிங்க அகிலாக்கா, மாஸ்டர் போனா எல்லாம் போச்சுங்கறது புரியுது. நான் அந்தக் கோணத்துல யோசிக்கல.

குன்னூர்_ஆப்ஸ்:
இப்ப வரிசைக்கு வருவோம். முதல்ல எப்பவும் சர்வர் பக்கம், அப்புறம்தான் ஏஜென்ட். பப்பெட் சர்வர் ஏஜென்ட்டை விட பழசா இருக்கவே கூடாது, 8 சர்வர் 7 ஏஜென்ட்டுக்கு கேட்டலாக் குடுக்கும், திருப்பிப் போட்டா உத்தரவாதம் இல்லை. சால்ட்லயும் அப்படித்தான், மாஸ்டர் முதல்ல. சர்வரைத் தொடறதுக்கு முன்னாடி பப்பெட்டிபி டேட்டாபேஸையும், சிஏ (ஏஜென்ட்டுக்கு சர்டிபிகேட் குடுக்கற சாவி) இருக்கற டைரக்டரியையும் பேக்கப் எடுத்து, எடுத்த பேக்கப்பை வேற ஒரு மிஷின்ல ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க. சிஏ போச்சுன்னா 3000 சர்வர்லயும் சர்டிபிகேட் புதுசா போடணும், அதுக்கு எஸ்எஸ்ஹெச்ல போய்த்தான் ஆகணும். அப்படியே ஏஜென்ட் சர்டிபிகேட் எதெல்லாம் முடியப் போகுதுன்னும் பாத்துடுங்க, வழக்கமா 5 வருஷம், அஞ்சு வருஷம் முன்னாடி கட்டின சர்வருக்கெல்லாம் இப்பத்தான் முடியும், அப்கிரேட் நடுவுல முடிஞ்சா எல்லாரும் அப்கிரேட் மேல பழி போடுவாங்க.

முடிஞ்சா பழைய சர்வர் மேலயே ஏத்தாதீங்க. புதுசா 8 கம்பைலர் (கேட்டலாக் தயார் பண்ற பப்பெட் சர்வர்) ஒன்னு பக்கத்துல நிறுத்தி, அதே சிஏ வெச்சு, கொஞ்சம் ஏஜென்ட்டை மட்டும் அதுக்கு திருப்புங்க. சரியில்லைன்னா திரும்ப பழசுக்கு காட்ட ஒரு வரி போதும்.

ஏஜென்ட் ஏத்துறதுல ஒரு நுணுக்கம். பப்பெட் ரன்னுக்கு உள்ளயே பப்பெட் ஏஜென்ட் பேக்கேஜை ஏத்தாதீங்க, ஓடிட்டு இருக்கற ப்ராசஸ் தன் காலுக்கு கீழ இருக்கற ஃபைலையே மாத்துது, பாதில சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆனா ரன் லாக் ஃபைல் அப்படியே நின்னுடும், அடுத்த ரன் வராது. அதுக்குன்னே பப்பெட்_ஏஜென்ட் மாட்யூல் இருக்கு, அது பாத்துக்கும், ஆனா அதுல வெர்ஷனை முழு நம்பரா எழுதுங்க, ஆட்டோன்னு விட்டீங்கன்னா சர்வர் ஏறின உடனே எல்லா ஏஜென்ட்டும் ஒன்னா ஏற ஆரம்பிச்சிடும்.

கொடை_லினக்ஸ்:
நான் அந்த மாட்யூலை விட ஆன்சிபிள்தான் (எஸ்எஸ்ஹெச்ல போய் வேலை செய்யற டூல்) சொல்லுவேன். வெளிய இருந்து ஒருத்தன் தள்ளுனா நிறுத்துறது நம்ம கைல இருக்கும். சீரியல்ங்கற செட்டிங்ல, ஒரு தடவைக்கு எத்தனை சர்வர்னு ஒரு லிஸ்ட் குடுக்கலாம்: முதல்ல 1, அப்புறம் 10, அப்புறம் 5 சதவீதம், அப்புறம் 20 சதவீதம். மேக்ஸ் ஃபெயில் பர்சென்டேஜை 0 போட்டுட்டா ஒரு சர்வர் விழுந்தா கூட அடுத்த பேட்ச் போகாது. ஒவ்வொரு சர்வர்லயும் டாஸ்க் என்னன்னா, முதல்ல ஏஜென்ட் சர்வீஸை நிறுத்து, பேக்கேஜ் ஏத்து, நோ-ஆப்ல ஒரு ரன் ஓட்டு, மாற்றம் ஏதாவது காட்டினா அங்கயே நிறுத்தி ஃபெயில் பண்ணு, இல்லைன்னா நிஜ ரன் ஓட்டி சர்வீஸை திரும்ப ஆரம்பி. நிஜ ரன்னுக்கு எக்ஸிட் கோடு பாக்கணும்: 0 வந்தா எதுவும் மாறல, 2 வந்தா மாறியிருக்கு, 4ம் 6ம் தோல்வி. நம்ம கணக்குல 2ம் தோல்விதான்.

ஆனா ரெட்ஹேட் 8 வெச்சிருக்கறவங்க ஆன்சிபிள் வெர்ஷன் பாத்துக்கங்க. ஆன்சிபிள்-கோர் 2.17ல இருந்து டார்கெட்ல பைத்தான் 3.7 வேணும், ரெட்ஹேட் 8ல சிஸ்டம் பைத்தான் 3.6தான், டிஎன்எஃப் (ரெட்ஹேட்ல பேக்கேஜ் ஏத்தற டூல்) மாட்யூல் அதோடதான் கட்டியிருக்கு. வேற பைத்தான் போட்டாலும் டிஎன்எஃப் டாஸ்க் வேலை செய்யாது. 2.16ல நிறுத்தி வெச்சுக்கங்க.

கோத்தகிரி_கார்த்தி:
இது பெரிய உதவிங்ணா, எங்க ஜம்ப் சர்வர்ல (மத்த சர்வருக்கெல்லாம் உள்ள போற வழியா இருக்கறது) 2.17தான் இருக்கு, நேரா போய் முட்டியிருப்பேன். முதல் 10 சர்வரை எப்படி தேர்ந்தெடுக்கறது? எங்க டீம்ல எல்லாரும் டெவலப்மென்ட் சர்வர்தான் எடுக்கணும்னு சொல்றாங்க.

அருவங்காடு_அகிலா:
டெவ் சர்வர் மட்டும் எடுத்தா டெவ் சர்வர்ல வர்ற பிரச்சனை மட்டும்தான் தெரியும் தம்பி. ப்ரொடக்ஷன்ல இருக்கற ஒவ்வொரு வகைலயும் ஒன்னு அந்த முதல் கூட்டத்துல இருக்கணும்: லோட் பேலன்சருக்கு பின்னாடி பத்து இருந்தா அதுல ஒன்னு, டேட்டாபேஸ்னா ரெப்ளிகா, ரொம்ப பழைய ஓஎஸ் எதுவோ அது, டிஸ்க் நிறைஞ்சு கிடக்கற ஒன்னு, யாருமே தொட பயப்படற அந்த ஒன்னு. அந்த கடைசி வகைதான் முக்கியம், ஆனா அதை டீமோட சொல்லிட்டு பகல்லயே பண்ணுங்க. முதல் கூட்டத்தை ஏத்திட்டு குறைஞ்சது ஒரு முழு வாரம் விடுங்க, ஏன்னா வாரக் கடைசி பேக்கப், ஞாயித்துக்கிழமை க்ரான், லாக் ரொட்டேட் எல்லாம் ஒரு சுத்து வரணும்.

பகல்லயே பண்ணுங்கன்னு சொன்னதை இன்னும் அழுத்தி சொல்றேன். ராத்திரி 2 மணிக்கு ஒரு ஆள் தூக்க கலக்கத்துல பண்ற அப்கிரேடை விட, செவ்வாய்க்கிழமை காலைல 11 மணிக்கு அப்ளிகேஷன் டீம், டிபிஏ, நெட்வொர்க் எல்லாரும் சீட்ல இருக்கும்போது 20 சர்வர் பண்றது ஆயிரம் மடங்கு மேல்.

மஞ்சூர்_வாசி:
நம்ம மலை விஷயத்தையும் யாராவது சொல்லணும்ல, நான் சொல்றேன். லேப்டாப்ல இருந்து நேரா ஆன்சிபிள் ப்ளேபுக் ஓட்டாதீங்க. எல்லாத்தையும் டேட்டா சென்டர்ல இருக்கற ஜம்ப் சர்வர்ல டிமக்ஸ் உள்ள ஓட்டுங்க, நம்ம பக்கம் லைன் போனாலும் அது பாட்டுக்கு ஓடும், நெட் வந்ததும் திரும்ப ஒட்டிக்கலாம். அவலாஞ்சில 2019 ஆகஸ்ட்ல ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை பெஞ்சப்ப எங்க பக்கம் ரோடே இல்ல, கரண்ட் இல்ல, டவர் இல்ல. அப்படி ஒரு நாள்ல நம்ம கைல பாதி அப்கிரேட் இருந்தா என்ன பண்றதுன்னு முன்னாடியே முடிவு பண்ணி வைக்கணும். கீழ கோயமுத்தூர்லயோ சென்னைலயோ இன்னொரு ஆளுக்கு அதே டிமக்ஸ் செஷன் திறக்கற உரிமை இருக்கணும், நிறுத்தற கமாண்ட் என்னன்னு அவருக்கும் தெரியணும்.

கொடை_லினக்ஸ்:
உண்மைதான். 2018 நவம்பர்ல கஜா வந்தப்ப இங்க மரமெல்லாம் ரோட்ல சாஞ்சு கரண்டும் நெட்டும் போயிருச்சு. கார்த்தி, உங்க கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குலதான மழை ஜாஸ்தி, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் அந்த சுத்தம் பண்ற வேலையும் கேட்டலாக் ஒப்பிடறதும் பண்ணுங்க, அதுக்கு லைன் போனா நஷ்டமில்ல. ஏத்துற வேலையை ஜனவரி, பிப்ரவரிக்கு வைங்க. மே மாசம் சீசன்ல வேணாம், மலர் கண்காட்சி சமயத்துல மொபைல் நெட் ஊர்ந்துதான் போகும், ஹாட்ஸ்பாட்டை நம்ப முடியாது.

கோத்தகிரி_கார்த்தி:
சரிங்க. கடைசியா ஒன்னு, ரோல்பேக். 8ல இருந்து 7க்கு திரும்ப வர முடியுமா? அப்புறம் பேக்கேஜ் ரெப்போ பத்தியும் குழப்பமா இருக்கு, ஓபன்வாக்ஸ்னு ஒன்னு சொல்றாங்களே.

குன்னூர்_ஆப்ஸ்:
ஏஜென்ட்டை இறக்கறது சுலபம், பழைய பேக்கேஜ் உங்க கைல இருந்தா. அதுதான் கேள்வி. வெளி ரெப்போவை நம்பி இருக்காதீங்க, இப்ப ஓடிட்டு இருக்கற அதே 7 வெர்ஷனையும், போகப்போற 8 வெர்ஷனையும் சொந்த மிரர்ல எடுத்து வைங்க. 2024 நவம்பர்ல பப்பெட்டோட ஓனர் பெர்ஃபோர்ஸ் கம்பெனி இனிமே புது பைனரி எல்லாம் பொதுவுல வராதுன்னு சொல்லிட்டாங்க, அதுக்கப்புறம் வாக்ஸ் புப்புலிங்கற பப்பெட் யூசர் கம்யூனிட்டி 2025 ஜனவரில பப்பெட்டோட தனிக் கிளையா ஓபன்வாக்ஸை வெளியிட்டாங்க. சால்ட்டும் 2024 கடைசில பழைய ரெப்போ முகவரியை மூடிட்டு ஓனர் கம்பெனி ப்ராட்காம் பக்கம் மாத்திட்டாங்க, நிறைய பேருக்கு இன்ஸ்டால் ஸ்க்ரிப்ட் அன்னைக்கே உடைஞ்சுது. ஓபன்வாக்ஸ் 8 நல்லாத்தான் இருக்கு, பாதை எல்லாம் அதே ஓப்ட் பப்பெட்லேப்ஸ்தான். ஆனா 7ல இருந்து 8க்கு போறதையும், பப்பெட்ல இருந்து ஓபன்வாக்ஸுக்கு போறதையும் ஒரே பேட்ச்ல பண்ணாதீங்க. ஒன்னு முடிஞ்சு அடங்கட்டும்.

சர்வர் பக்கம் ரோல்பேக் அவ்ளோ சுலபமில்ல, பப்பெட்டிபி புது வெர்ஷன் ஏறும்போது டேட்டாபேஸ் ஸ்கீமாவை மாத்திடும், திரும்ப வரணும்னா பேக்கப்தான். அதனாலதான் பக்கத்துல புதுசா நிறுத்துங்கன்னு சொன்னேன்.

அருவங்காடு_அகிலா:
கடைசில மிஞ்சற சர்வர்களை விட்டுறாதீங்க. 3000ல 2950 முடிஞ்சதும் டீம் அடுத்த ப்ராஜெக்ட்டுக்கு போயிடும், அந்த 50தான் பின்னாடி வந்து அடிக்கும். 2012 ஆகஸ்ட் 1ல நைட் கேப்பிடல்ங்கற அமெரிக்க பங்கு வர்த்தக கம்பெனில நடந்தது அதுதான், 8 சர்வர்ல 7க்கு புது கோடு போச்சு, எட்டாவதுல பழசு இருந்துச்சு, முக்கால் மணி நேரத்துல 44 கோடி டாலர் நஷ்டம். எத்தனை பேர் ஏறினாங்கன்னு எண்ணாதீங்க, யார் ஏறலைன்னு தினமும் பட்டியல் எடுங்க. அதுவும் பப்பெட்டிபில இருந்து மட்டும் எடுத்தா போதாது, செத்துப்போன ஏஜென்ட் அங்க வரவே வராது. விஎம் லிஸ்ட், கிளவுட் பில், மானிட்டரிங், மூணையும் சேத்து ஒப்பிட்டாத்தான் விடுபட்டது தெரியும்.

கோத்தகிரி_கார்த்தி:
இப்பவே அந்த ஒப்பீடு ஒன்னு ஓட்டினேன்க்கா. மானிட்டரிங்ல இருந்து பப்பெட்டிபில இல்லாதது 61 சர்வர். இதுல ரெண்டு பேமென்ட் கேட்வே. முதல்ல இதுங்களுக்கு ஏஜென்ட் உயிரோட இருக்கான்னு பாக்கறேன், அப்கிரேட் பேச்சு அதுக்கப்புறம்தான். மேனேஜர்கிட்ட சனிக்கிழமை கிடையாது, ஜனவரின்னு சொல்லிட்டேன், இந்த 61ஐ காட்டினதும் அவரு ஒத்துக்கிட்டாரு.

குன்னூர்_ஆப்ஸ்:
அந்த 61ல ஏஜென்ட்டை எழுப்பும்போது நேரா எனேபிள் பண்ணிடாதீங்க தம்பி. எத்தனை மாசமா ஓடாம இருந்துச்சோ அத்தனை மாச மாற்றமும் ஒரே ரன்ல இறங்கும். நோ-ஆப்ல போட்டு, வர்ற லிஸ்ட்டை அந்த சர்வர் யாரோடதோ அவங்களோட உக்காந்து வரி வரியா பாத்துட்டு அப்புறம் விடுங்க, கேட்வே ரெண்டும் கடைசில.